அழையாத விருந்தாளிகள் பத்துப் பேர்

"தமிழ்" என்னும் சொல்லில் எத்தனை எழுத்துக்கள் உண்டு? ஒன்றாம் வகுப்புக் குழந்தையிடம் இதைக் கேட்டால் மூன்று விரல்களை நீட்டிக் காட்டும். இதையும் ஒரு கேள்வியென்று கேட்க வந்தீரே என்பதுபோல் நம்மை ஏற இறங்கவும் பார்க்கும். பைத்தான் என்னும் கணினி மொழியிடம் அதே கேள்வியைக் கேட்டாலோ, அது சற்றும் தயங்காமல், "ஐந்து" என்று விடை பகர்கிறது!

பைத்தானைச் சாமானியமாக எண்ணிவிட வேண்டாம். ஹாலந்து தேசத்தவரான கைடோ வான் ராஸம் என்பவர் 1991-ஆம் வருஷத்தில் வெளியிட்ட மொழி அது. பெயரைக் கேட்டதும் மலைப்பாம்பு நினைவுக்கு வருகிறதல்லவா? உண்மையில் பாம்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 'மாண்டி பைத்தான்' என்று இங்கிலாந்தில் புகழ் பெற்றிருந்த ஹாஸ்யக் கோஷ்டியின் பெயரைத்தான் அவர் தம் மொழிக்குச் சூட்டினார். இன்று வான சாஸ்திரிகள் முதல் பாங்கி உத்தியோகஸ்தர்கள் வரையில் அதைக் கையாளுகிறார்கள். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்திலும் 2019 முதல் அது இடம் பெற்றிருக்கிறது. இவ்வளவு கீர்த்தி வாய்ந்த மொழி, மூன்றை ஐந்து என்று சொல்வானேன்?

கணினி நம் எழுத்தை எழுத்தாகச் சேமித்து வைப்பதில்லை. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டு முறைப்படி எண்களாகச் சேமிக்கிறது. அந்த முறையில் 'த' ஓர் எண். 'ம' ஓர் எண். அதைத் தொடரும் இகரக் குறி தனியே ஓர் எண். 'ழ' ஓர் எண். அதன் தலையில் நாம் வைக்கும் புள்ளி தனியே ஓர் எண். ஆகக்கூடி ஐந்து. கணக்கில் பிசகு இல்லை; இலக்கணம்தான் இல்லை.

இந்தக் குறையை நீக்க வேண்டுமானால், உயிர்மெய் இன்னது, மெய் இன்னது என்று பைத்தானுக்குப் போதிக்கும் நிரல் ஒன்றை நாமே உட்கார்ந்து எழுதலாம். ஆனால் அந்த வேலையை வேறு சிலர் முன்னமே செய்து முடித்து, 'ஓப்பன்-தமிழ்' என்று பெயரிட்டு, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்துவிட்டார்கள். அதை வரவழைத்து வைத்துக்கொண்டால் நம் கணினியும், "மூன்று" என்று ஒழுங்காகச் சொல்லத் தொடங்கிவிடும். வரவழைப்பதற்கு ஒரே ஒரு வரி எழுதினால் போதும். பிறகு வேண்டாம் என்று தோன்றினால் வெளியே அனுப்பவும் ஒரே வரிதான். இந்த இரண்டு வரிகளைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். இவற்றில் என்ன இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளையாண்டான் ஒருவன் இருந்து, அவனும் நீங்களும் ஒரே கணினியைப் பயன்படுத்துவீர்களானால், இது உங்கள் பாங்கிக் கணக்கையும் தொடும் விஷயம்.

முதலில் அந்த வரியை எழுதும் இடத்தைப் பார்ப்போம். கணினி என்றால் நமக்குப் படங்களும் பொத்தான்களும்தான் ஞாபகம் வரும். அவற்றுக்கெல்லாம் முந்தியது கட்டளை வரி. அதைத் திறந்தால் பெரும்பாலும் கறுத்த ஒரு சாளரம், அதில் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கோடு, வேறொன்றுமில்லை. நாம் வாக்கியம் எழுத வேண்டும், அது கீழ்ப்படியும். எழுதும் வாக்கியம் "பிப் இன்ஸ்டால் ஓப்பன்-தமிழ்" என்பது. இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதன்று. 'பிப்' என்பது விளி; "அடே பிப்!" என்று வேலைக்காரனைக் கூப்பிடுவது போல. 'இன்ஸ்டால்' என்பது ஏவல் வினைமுற்று. மூன்றாவதாக வருவது செயப்படுபொருள். இந்த வாக்கியத்தில் தயவு செய்து என்ற சொல்லுக்கு இடமில்லை. நிச்சயந்தானா என்று திருப்பிக் கேட்கும் வழக்கமும் அந்த வேலைக்காரனுக்கு இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இப்படி வரும் சாமானுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பெயர்கள். ஒன்று 'லைப்ரரி', தமிழில் நூலகம் என்கிறோம். என் அபிப்பிராயத்தில் அது பொருத்தமில்லாத பெயர். நூலகத்துப் புத்தகத்தைப் பதினைந்து நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும், தவறினால் அபராதம். இங்கே திருப்பிக் கொடுப்பதென்ற பேச்சே கிடையாது. இன்னொரு பெயர் 'பாக்கேஜ்'. தொகுப்பு என்று கௌரவமாக மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. எனக்கோ மளிகைக் கடைப் 'பொட்டலம்' என்ற சொல்லே பிடித்திருக்கிறது. பிரித்துப் பார்த்தாலொழிய உள்ளே இருப்பது தெரியாது என்ற குணத்தை அந்தச் சொல் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறது.

பைத்தான் பொட்டலங்களுக்கென்று உலகத்துக்கெல்லாம் பொதுவான கடை ஒன்று 2003 முதல் நடந்து வருகிறது. இன்று அதில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட பொட்டலங்கள் இருக்கின்றன. அதைச் செல்லமாகப் 'பாலாடைக்கட்டிக் கடை' என்று அழைப்பதுண்டு. மாண்டி பைத்தான் கோஷ்டியாரின் நாடகம் ஒன்றில் அப்படி ஒரு கடை வருகிறது. அந்தக் கடையில் எந்தப் பாலாடைக்கட்டியைக் கேட்டாலும் இல்லை என்பார்கள். நம் கடையிலோ எதைக் கேட்டாலும் உண்டு. அதுவே அதன் பெருமை; அபாயமும் அதிலிருந்தே பிறக்கிறது. ஏனென்றால் அங்கே சரக்கு வைப்பதற்கு யாருடைய சிபாரிசும் வேண்டியதில்லை. ஒரு கணக்கைத் தொடங்கிக்கொண்டு, நீங்களும் வைக்கலாம், நானும் வைக்கலாம், நம் இருவருக்கும் தெரியாத மூன்றாமவனும் வைக்கலாம்.

இப்போதுள்ள 'பிப்' என்னும் வேலைக்காரன் 2008-ல் வந்தவன். இயன் பிக்கிங் என்ற அமெரிக்கர் ஆக்கியது. அதற்கு முன்பு 'ஈஸி இன்ஸ்டால்' என்று ஒன்று இருந்தது. பெயருக்கேற்பப் பொட்டலங்களைச் சுலபமாகக் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் திரும்ப அனுப்பும் கட்டளை அதனிடம் இல்லவே இல்லை! வேண்டாமென்றால், எங்கெங்கே என்னென்ன வைத்தது என்று நாமே தேடி அழிக்க வேண்டியதுதான். வாசலில் வரவேற்பு வளைவு கட்டிய புத்திசாலிகளுக்குப் புறக்கடைக் கதவு வைக்கத் தோன்றவில்லை. பிப் வந்த பிறகே "அன்இன்ஸ்டால்" என்ற வழி உண்டாயிற்று.

பிப் செய்யும் காரியத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பெயரைச் சொன்னதும் அது கடைக்குச் செல்கிறது. அந்தப் பெயரில் உள்ள பதிப்புக்களில் நம் கணினிக்கும் நம் பைத்தானுக்கும் பொருந்தும் மிகப் புதிய பதிப்பைப் பொறுக்குகிறது. பெரும்பாலும் அது 'வீல்' என்னும் வடிவில் இருக்கும். வண்டிச் சக்கரம் அன்று, பாலாடைக்கட்டிச் சக்கரம். கடையின் செல்லப் பெயர் இங்கும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது வேறொன்றுமில்லை, பல கோப்புக்களை அமுக்கிக் கட்டிய மூட்டைதான். பிப் மூட்டையை அவிழ்த்து, 'சைட்-பாக்கேஜஸ்' என்ற அறையில் கோப்புக்களை அடுக்குகிறது. அடுக்கி முடித்ததும், 'ரெக்கார்ட்' என்ற பெயரில் ஒரு பதிவேடு எழுதி வைக்கிறது. இன்ன கோப்பு, இன்ன இடத்தில், இன்ன அளவில் வைக்கப்பட்டது என்று ஒவ்வொன்றாக அதில் இருக்கும். பின்னொரு நாள் நீக்கச் சொன்னால், பிப் அந்தப் பதிவேட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு, அதில் கண்டவற்றை அழிக்கிறது. பதிவேட்டில் ஏறாததை அது தொடாது. நீங்கள் அந்த நூலகத்தைக் கொண்டு உண்டாக்கிய படங்கள், அது தானாக எங்கேயோ எழுதி வைத்த அமைப்புக் குறிப்புக்கள் எல்லாம் அப்படியப்படியே கிடக்கும்.

சில பொட்டலங்கள் சக்கரமாக வராமல் மூல நிரலாகவே வரும். அவற்றை நம் கணினியில் வைத்தே பக்குவம் செய்தாக வேண்டும். அப்போது அந்தப் பொட்டலத்துக்குள் இருக்கும் நிரலே ஓடுகிறது. அதாவது, நீங்கள் அந்த நூலகத்தை இன்னும் ஒரு தடவைகூட உபயோகிக்காமலே, வரவழைத்த மாத்திரத்தில், முகம் தெரியாத ஒருவர் எழுதியது உங்கள் கணினியில் உங்கள் அதிகாரத்தோடு வேலை செய்துவிடுகிறது.

இனி விருந்தாளிகள் கதைக்கு வருவோம். பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தின் முடிவில் வரைபடங்கள் போடும் 'மாட்பிளாட்லிப்' என்ற நூலகம் வருகிறது. அருமையான நூலகம், மழைக் கணக்கையும் மதிப்பெண் கணக்கையும் அழகிய கோடுகளாகவும் தூண்களாகவும் போட்டுக் காட்டும். அதன் 3.10-ஆம் பதிப்பு 2024 டிசம்பரில் வெளியாயிற்று. புதிய கணினி ஒன்றில் அதை மட்டும் கேட்டுப் பாருங்கள். வாசலில் வந்து நிற்பது ஒருவரன்று. கணக்குப் போட நம்பை, படங்களைக் கையாளப் பில்லோ, எழுத்துருக்களுக்கு ஃபாண்ட்டூல்ஸ், சமவுயரக் கோடுகளுக்குக் காண்டூர்பை, வண்ணங்களை மாற்றி மாற்றி எடுத்துக் கொடுக்கச் சைக்ளர், இடம் வகுக்கக் கிவிசால்வர், இன்னும் பாக்கேஜிங், பைபார்ஸிங், தேதிகளைப் பார்த்துக்கொள்ளப் பைத்தான்-டேட்யூடில், இந்தக் கடைசி ஆசாமி சும்மா வராமல் தமக்கு வேண்டிய 'சிக்ஸ்' என்பவரையும் கையைப் பிடித்து அழைத்து வருகிறார். ஆக நாம் கூப்பிட்டது ஒருவரை. கூப்பிடாமல் வந்தவர்கள் பத்துப் பேர்.

இவர்கள்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. ஒரு சமையற்காரர் தம் உதவியாட்களோடு வருவது போலத்தான் இது. எல்லாவற்றையும் ஒவ்வொருவரும் புதிதாகச் செய்துகொண்டிராமல், ஒருவர் செய்ததன்மேல் மற்றொருவர் கட்டிக்கொண்டு போவதனால்தான் பள்ளி மாணவன் ஒருவன் பத்து வரியில் வரைபடம் போட முடிகிறது. நான் சொல்ல வந்தது அதுவன்று. "பிப் அன்இன்ஸ்டால் மாட்பிளாட்லிப்" என்று எழுதினால் என்ன ஆகிறது, தெரியுமா? பிப் மிகுந்த மரியாதையோடு, இன்னின்ன கோப்புக்களை நீக்கப் போகிறேன், தொடரலாமா என்று கேட்கிறது. ஆம் என்றதும் மாட்பிளாட்லிப் போய்விடுகிறது. மற்றப் பத்துப் பேர்? அவர்கள் நடுக்கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறார்கள்! அவர்களைப் பற்றிப் பிப் வாயைத் திறப்பதில்லை.

வேடிக்கையைக் கவனித்தீர்களா? முன்பின் தெரியாதவர்களை உள்ளே அழைத்து வரும்போது ஒரு கேள்வியும் இல்லை. தெரிந்தவர் ஒருவரை வெளியே அனுப்பும்போது மட்டும், "நிச்சயந்தானா?" என்று விசாரணை! உலகத்தில் எந்த வீட்டிலும் இந்த வழக்கத்தைக் காண முடியாது.

அந்தப் பத்துப் பேரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடலாமே என்றால், அதிலும் சங்கடம் இருக்கிறது. நம்பையை வேறு யாரேனும் நம்பிக்கொண்டிருக்கலாம். நீங்கள் நம்பையை நீக்கச் சொன்னால், "ஐயா, இவரை நம்பி இன்னும் மூவர் இருக்கிறார்கள்" என்று பிப் தடுப்பதில்லை. நீக்கிவிடும். அப்புறம் அந்த மூவரும் வேலை செய்யும்போது விழுந்துவிடுவார்கள். ஆகையால் நீக்குமுன் "பிப் ஷோ நம்பை" என்று எழுதிப் பார்ப்பது நல்லது. இவருக்கு யார் யார் வேண்டும், இவர் யார் யாருக்கு வேண்டும் என்று இரண்டு வரிகள் அதில் காணும். நீக்கிவிட்டோம், இப்போது சந்தேகமாயிருக்கிறது என்பவர்கள் "பிப் செக்" என்று கேட்கலாம். யாருக்கு யார் குறைகிறார்கள் என்று சொல்லிவிடும். வரவழைக்கும்போதும் முன்கூட்டியே பார்க்க ஒரு வழி 2022 முதல் இருக்கிறது. இன்ஸ்டால் என்பதோடு, இரண்டு சிறு கோடுகளுக்குப் பின் 'டிரை-ரன்' என்று சேர்த்தெழுதினால், என்னென்ன நிறுவப்படும் என்று பட்டியல் போட்டுக் காட்டிவிட்டு நிறுவாமல் நின்றுவிடும். கல்யாணத்துக்கு ஆட்கள் வருமுன் ஜாபிதா பார்ப்பது போல. ஆனால் முகம் தெரியாத பொட்டலத்துக்கு இதையே பெரிய காவலாக நினைத்துவிடக் கூடாது. மூல நிரலாக வரும் பொட்டலமானால், பட்டியல் போடுவதற்காகவே அதன் நிரலைச் சிறிது ஓட்ட நேரலாம்.

நிற்க. பெயர் விஷயத்துக்கு வருகிறேன். பாங்கிக் கணக்கு வருவது இங்கேதான்.

சொற்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று கணிப்பதற்கு 'ஜெல்லிஃபிஷ்' என்று ஒரு நல்ல நூலகம் உண்டு. அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் நடுவே 'எல்' என்ற எழுத்து இரண்டு தடவை வரும். சிறிய 'எல்' எழுத்தும் பெரிய 'ஐ' எழுத்தும் பல அச்சுருக்களில் ஒரே மாதிரி நெட்டுக் குத்தான கோடுதான். இதைக் கண்டுகொண்ட ஒருவன், முதல் 'எல்'லுக்குப் பதிலாகப் பெரிய 'ஐ'யைப் போட்டு, கண்ணுக்கு ஒரே பெயராகத் தோன்றும் மற்றொரு பொட்டலத்தைக் கடையில் வைத்துவிட்டான். ஏறக்குறைய ஒரு வருஷ காலம் அது அங்கேயே இருந்தது. 2019 டிசம்பரில்தான் கண்டுபிடித்து அகற்றினார்கள். அதுவரை அதை வரவழைத்தவர்களின் கணினியிலிருந்து, தூரத்துக் கணினிகளைத் திறக்கும் ரகசியச் சாவிகளைத் திருடி அனுப்புவதே அதன் தொழில். அவனே இன்னொன்றும் வைத்திருந்தான். நம் பத்து விருந்தாளிகளில் 'பைத்தான்-டேட்யூடில்' என்று ஒருவர் வந்தாரே, அவர் பெயரில் ஒரு 3 என்ற எண்ணை மட்டும் செருகிய பொட்டலம் அது. தான் வந்தால் அந்தப் போலி ஜெல்லிஃபிஷையும் கூட அழைத்து வரும்! யோக்கியர்கள் உதவியாளரை அழைத்து வரும் அதே வழியைத் திருடனும் பிடித்துக்கொண்டான்.

சென்ற சில வருஷங்களில் இதற்குப் புதிய கிளை ஒன்று முளைத்திருக்கிறது. பிள்ளைகள் இப்போது நிரல் எழுதச் செயற்கை அறிவு யந்திரங்களின் உதவியைக் கேட்கிறார்கள். அந்த யந்திரம் சில சமயங்களில், உலகத்தில் இல்லாத பொட்டலத்தின் பெயரை மிகுந்த தைரியத்தோடு சொல்லி, "இதை நிறுவிக்கொள்" என்று உபதேசம் செய்கிறது. பெயர் இல்லாதிருக்கும் வரை நஷ்டமில்லை; பிப் கைவிரித்துவிடும். யந்திரம் அடிக்கடி பிதற்றும் பெயர் இன்னதென்று பார்த்து, அதே பெயரில் யாரேனும் பொட்டலத்தைக் கடையில் வைத்துவிட்டால்? இதைச் சோதித்துப் பார்க்க ஆராய்ச்சியாளர் ஒருவர் அப்படிப்பட்ட பெயரில் வெற்றுப் பொட்டலம் ஒன்றை வைத்தார். அதைப் பல்லாயிரம் தடவை எடுத்துச் சென்றிருக்கிறார்கள் என்று 2024-ல் தெரியவந்தது. உள்ளே ஒன்றும் இல்லாததால் யாருக்கும் கேடு விளையவில்லை.

இப்போது நம் வீட்டை நினைத்துப் பாருங்கள். கூடத்தில் ஒரே கணினி. தகப்பனார் அதில் வருமான வரிக் கணக்கும் பாங்கி வியவகாரமும் பார்க்கிறார். பையன் அதே பெயரில் நுழைந்து, எங்கேயோ படித்த வரியை அப்படியே ஒட்டி, பிப்பை ஏவுகிறான். வந்த பொட்டலம் அந்தப் பெயருக்குரிய சகல அதிகாரங்களோடும் ஓடுகிறது. தகப்பனார் படிக்கக்கூடிய கோப்பெல்லாம் அதுவும் படிக்கலாம்; உலாவியில் அவர் சேமித்து வைத்த கடவுச்சொற்களையும் தேடலாம். அது யோக்கியப் பொட்டலமாயிருப்பதனால்தான் அப்படிச் செய்வதில்லையே தவிர, தடுப்பவர் யாரும் இல்லை. பையனுக்குக் கணினியில் தனிக் கணக்கு ஒன்றை, அதிகாரம் குறைந்ததாக, ஏற்படுத்திக் கொடுப்பதற்குப் பத்து நிமிஷம் ஆகும். செலவு ஒன்றுமில்லை. இதைத் தகப்பனாரே செய்யலாம். பையனோ, பொட்டலத்தின் பெயரைக் கடையின் பக்கத்திலேயே தேடி, யார் வைத்தது, எத்தனை காலமாக இருக்கிறது, மூல நிரல் எங்கே என்று பார்த்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்பித்தோமல்லவா? அது இந்த வேலைக்கும் ஆகும்.

பொட்டலத்தை நீக்குவது நம் வீட்டோடு நிற்கும் காரியம் என்று எண்ணுவோம். சில சமயம் கடைக்காரர் பக்கத்திலிருந்தே அது நடக்கும். ஜாவாஸ்கிரிப்ட் என்னும் வேறொரு மொழிக்கு 'என்.பி.எம்.' என்று ஒரு கடை உண்டு. 2016 மார்ச் 22-ஆம் தேதி அங்கே நடந்ததைக் கேளுங்கள். அஸெர் கோச்சுலு என்ற நிரலாளர் 'கிக்' என்ற பெயரில் ஒரு பொட்டலம் வைத்திருந்தார். அதே பெயருள்ள கம்பெனி, அந்தப் பெயர் தனக்கு வேண்டும் என்றது. கடைக்காரர்கள் கம்பெனிக்கே பெயரை மாற்றிக் கொடுத்தார்கள். கோச்சுலுவுக்குக் கோபம் வந்துவிட்டது. தாம் வைத்திருந்த இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட பொட்டலங்களையும் ஒரேயடியாகக் கடையிலிருந்து எடுத்துவிட்டார். அவற்றில் ஒன்று 'லெஃப்ட்-பேட்'. ஒரு சொல்லுக்கு இடப்புறம் வேண்டிய அளவு இடைவெளியோ சுழியோ நிரப்பும் மிகச் சிறிய காரியத்தைச் செய்வது. மொத்தம் 11 வரிகள். அந்தப் பதினோரு வரிகள் போன மாத்திரத்தில், உலகமெங்கும் ஆயிரக்கணக்கான நிரல்களைக் கட்டும் வேலை நின்றுபோயிற்று! அவற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் லெஃப்ட்-பேட் என்ற பெயரையே கேட்டதில்லை. அவர்கள் அழைத்தவர் அழைத்தவரின் விருந்தாளி அது. சுமார் இரண்டு மணி நேரத்தில் கடைக்காரர்களே அதைத் திரும்ப வைத்தார்கள். அதன் பின், வைத்த சரக்கை நினைத்தபோது எடுத்துவிட முடியாதபடி விதிகளையும் கடுமையாக்கினார்கள்.

கோச்சுலு செய்தது சரியா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. சம்பளம் வாங்காமல் எழுதிக் கொடுத்தவர், என் சரக்கை எடுத்துக்கொள்கிறேன் என்றால் அதற்கு உரிமை இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காசு கொடுக்காமல் வாங்கிய பொருளின்மேல் கோடிக்கணக்கில் வியாபாரம் கட்டியவர்கள், அதில் ஒரு பிரதியைக்கூடத் தம்மிடம் பத்திரப்படுத்தாமல் இருந்தார்களே, அதுதான் எனக்கு விசித்திரமாக இருக்கிறது.

சரி, வந்தவர்களை ஒரு தொந்தரவும் இன்றி அனுப்ப வழியே இல்லையா? இருக்கிறது. அவர்களை நடுக்கூடத்தில் உட்கார வைக்காமல் இருப்பதே அந்த வழி. 2012-ல் வெளியான பைத்தான் 3.3-ஆம் பதிப்பு முதல் 'வென்வ்' என்ற வசதி கூடவே வருகிறது. "பைத்தான்" என்று தொடங்கி, ஒரு சிறு கோட்டோடு 'எம்', பிறகு 'வென்வ்', பிறகு நாம் விரும்பும் ஒரு பெயர் என்று எழுதினால், அந்தப் பெயரில் தனி அறை ஒன்று எழும்பிவிடும். அறைக்குள் இருக்கும் 'ஆக்டிவேட்' என்ற கோப்பை ஏவினால் நாம் உள்ளே போய்விட்டோம் என்று பொருள். கட்டளை வரியின் முகப்பில் அறையின் பெயரும் தெரியும். அதன் பிறகு வரவழைப்பவர்கள் எல்லாரும் அந்த அறையிலேயே தங்குவார்கள். ஒரு வேலைக்கு ஓர் அறை. வேலை முடிந்ததா? பிப்பைக் கூப்பிட வேண்டாம். பதிவேடு பார்க்க வேண்டாம். அந்தக் கோப்புறையை அப்படியே அழித்துவிட்டால் அழைத்தவரும் அழையாத பத்துப் பேரும் ஒரே சமயத்தில் போய்விடுவார்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஓர் அறையில் ஒரு நூலகத்தின் ஒரே பதிப்புத்தான் இருக்க முடியும். 2024 ஜூனில் நம்பையின் 2.0 பதிப்பு வந்தபோது, பழைய பதிப்பை நம்பிக் கட்டிய பல நூலகங்கள் அதனோடு ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றையும் ஒரே கூடத்தில் வைத்தவர்களுக்கு ஒன்றைச் சரி செய்தால் மற்றொன்று கெட்டது. தனித்தனி அறை வைத்தவர்களோ, ஓர் அறையில் பழையதையும் மற்றோர் அறையில் புதியதையும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். அறையை அழிக்குமுன் "பிப் ஃபிரீஸ்" என்று எழுதினால், உள்ளே இருக்கும் ஒவ்வொருவரின் பெயரும் பதிப்பு எண்ணும் கிடைக்கும். அதை ஒரு கோப்பில் சேமித்து வைத்தால், பின்னொரு நாள் அதே அறையை அதே பதிப்புக்களோடு திரும்ப நிறுத்திவிடலாம்.

ஆனால் ஒன்று: இந்த அறைக்குச் சுவர் உண்டே தவிரப் பூட்டுக் கிடையாது. பொட்டலங்கள் ஒன்றோடொன்று கலவாமல் இருக்கத்தான் அது. திருட்டுப் பொட்டலத்தை அங்கே வைத்தாலும் அது அங்கிருந்தபடியே தகப்பனாரின் கோப்புக்களைப் படிக்கும். தனிக் கணக்கு வேண்டும் என்று சொன்னது அதனால்தான்.

லீனக்ஸ் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கணினியின் சொந்தக் காரியங்கள் பலவற்றைப் பைத்தானே பார்த்துக்கொள்கிறது. அந்தப் பைத்தானின் அறையில் பிப் போய்க் கை வைத்தால் கணினியே தடுமாறும். ஆகவே 2023-ல் வெளியான டெபியன் 12-ஆம் பதிப்பு முதல், பிப் அங்கே நுழைய மறுத்து, இது வெளியார் நிர்வாகத்தில் உள்ள இடம் என்று சொல்லிவிடுகிறது. கட்டாயம் நுழைந்தே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு சிறப்புச் சொல் வைத்திருக்கிறார்கள். "பிரேக்-சிஸ்டம்-பாக்கேஜஸ்" என்பது அது. கணினியின் பொட்டலங்களை உடை என்று பொருள். இவ்வளவு நாணயமான பெயரை நான் வேறெந்த யந்திரத்திலும் கண்டதில்லை. வலைத்தளங்களில் பலர் இந்தச் சொல்லைச் சேர்த்துக்கொள்ளும்படி சுலபமாக யோசனை சொல்கிறார்கள், கேட்காதீர்கள்.

அந்தக் கணினியின் சொந்தச் சாமான்களை நிர்வகிப்பது 'ஆப்ட்' என்ற மற்றொரு வேலைக்காரன். இவன் பிப்பைவிட ஞாபகசக்தி உள்ளவன். யார் கேட்டு வந்தார், யார் ஒட்டிக்கொண்டு வந்தார் என்று குறித்து வைக்கிறான். "ஆப்ட் ரிமூவ்" என்றால் பொட்டலத்தை நீக்கி, அதன் அமைப்புக் கோப்புக்களை விட்டுவைப்பான். "ஆப்ட் பர்ஜ்" என்றால் கணினி முழுமைக்குமான அந்த அமைப்புக் கோப்புக்களும் போகும், உங்கள் சொந்தக் கோப்புறையில் உள்ளவற்றைத் தொடமாட்டான். "ஆப்ட் ஆட்டோரிமூவ்" என்றால் ஒட்டிக்கொண்டு வந்து இப்போது ஒருவருக்கும் வேண்டாதவர்களாக இருப்பவர்களை அனுப்புவான். அனுப்புமுன் நீண்ட பட்டியல் ஒன்றைப் போட்டுக் காட்டி, தொடரலாமா என்று கேட்பான். பட்டியல் திரையை நிறைத்துக்கொண்டு ஓடினாலும் சாளரத்தை மேலே நகர்த்தி முழுதும் படியுங்கள். மேசைத்திரையின் பெயரோ, நீங்கள் நாள்தோறும் உபயோகிக்கும் வேறெதுவுமோ அதில் தென்பட்டால், 'என்' எழுத்தை அடித்து நிறுத்திவிட்டு, அதை உங்கள் பெயரில் கேட்டு வாங்கியதாகக் குறித்துக்கொள்ள "ஆப்ட்-மார்க் மானுவல்" என்று எழுதி, அதன் பெயரைச் சேருங்கள். பிறகு மறுபடி ஆட்டோரிமூவ் செய்து பாருங்கள். பட்டியலில் அந்தப் பெயர் இராது.